ஒன்றரை நிமிட ஆட்டத்துக்கு ஜிம்மில் எதற்கு இவ்வளவு பாடு?

2019 ஜனவரியில் உங்கள் மொபைலுக்கும் அந்த வீடியோ வந்திருக்கலாம். பழைய ஹிட் பாடல்களுக்குச் சிரித்துக்கொண்டே ஆடி, அந்தரத்தில் சுழன்று, 10-க்கு 10 வாங்கிய மாணவி கேட்லின் ஒஹாஷி. அப்போது அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருந்தவர்.

ஆட்டம் ஒன்றரை நிமிடம்தான். அதற்குப் பின்னால் புல்-அப், ஸ்குவாட், பிளாங்க் என்று அலுக்க அலுக்கச் செய்யும் பயிற்சி இருக்கிறது. அங்கே கைதட்ட ஆளில்லை, மார்க்கும் கிடையாது. பிறகு எது இவர்களை அங்கே இழுக்கிறது?

முதல் காரணம், காயம் பற்றிய பயம். குதித்து இறங்கும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை கால்களில் இறங்கும். தசைக்குப் பலமில்லை என்றால், மூட்டும் எலும்பும்தான் அடி வாங்கும். ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இரண்டாவது, அணி. கல்லூரிப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் 6 பேர் ஆடுவார்கள்; சிறந்த 5 பேரின் மார்க்தான் கணக்கு. ஒருவர் சறுக்கினால் சமாளிக்கலாம். இருவர் சறுக்கினால் அணிக்கே அடி. 'இன்னிக்கு நான் டிமிக்கி கொடுத்தா, அது அவங்க தலையில விழும்' என்ற எண்ணமே பலரை எழுப்பிவிடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். போன மாதம் 5 புல்-அப், இந்த மாதம் 8 என்றால், அந்த சந்தோஷமே அடுத்த நாளும் வரவைக்கும்.

உதவாத காரணம் ஒன்றும் உண்டு... உடம்பைப் பற்றிய கேலி. 2013 அமெரிக்கன் கோப்பையில் சிமோன் பைல்ஸையே முந்தியவர் ஒஹாஷி. பிறகு முதுகிலும் தோளிலும் காயம். பறக்க முடியாத பறவையோடு தன்னை ஒப்பிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்லூரிக்கு வந்தபோது, மறுபடியும் பெரிய ஆளாக விருப்பமில்லை என்றாராம். கோச் வேலரி கோண்டோஸ் ஃபீல்டு அவரை விரட்டவில்லை. முதலில் அவர் நம்பிக்கையைப் பெற்றார். ஒஹாஷிக்கு ஆட்டத்தின் மீதான ஆசை மெல்லத் திரும்பியது. 2018-ல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது.

உங்கள் வீட்டிலும் விளையாடப் போகும் பிள்ளை இருக்கிறதா? திரும்பி வந்ததும், 'எடை குறைஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். 'நேத்து முடியாதது இன்னிக்கு என்ன முடிஞ்சுது?' என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பும்!