எல்லையில் தேங்கிய உதவி

2023 பிப்ரவரி 6 அதிகாலையில் 7.8 அளவிலான நிலநடுக்கம் துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடக்கையும் உலுக்கியது. துருக்கிக்குப் பல நாட்டு மீட்புக் குழுக்கள் விரைந்தன. இந்தியா ‘ஆபரேஷன் தோஸ்த்’ என்ற பெயரில் தேசியப் பேரிடர் மீட்புப் படையை மோப்ப நாய்களுடன் அனுப்பியது. துருக்கியின் இஸ்கெந்தெருன் நகரில் இந்திய ராணுவ மருத்துவர்கள் கள மருத்துவமனை நடத்தினர்.

வடமேற்கு சிரியாவுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. துருக்கியிலிருந்து ஐ.நா. உதவி செல்ல அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே எல்லை வாசல் பாப் அல்-ஹவா. நிலநடுக்கத்துக்குப் பின் அவ்வழியே முதல் ஐ.நா. லாரிகள் நுழைந்தது பிப்ரவரி 9-இல்தான். இடிபாட்டில் சிக்கியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு மூன்று நாளுக்குப் பின் வெகுவாகக் குறைந்துவிடும். போதிய கனரக இயந்திரங்களின்றி உள்ளூர்த் தன்னார்வலர்களே தோண்டினர். மேலும் இரு வாசல்களுக்கு சிரிய அரசு இசைந்தது பிப்ரவரி 13-இல். பேரிடர் நேர்ந்த அன்றே நிவாரணத்துக்கு எல்லைகள் திறக்கும்படி ஐ.நா. விதி வகுக்க வேண்டும்.