கூந்தல் உதிர்வது எண்ணெய்க் குறையா, இரத்தக் குறையா?



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து முடித்து, ரிஹால்களை அடுக்கிக் கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், மாணவி ஒருத்தியின் தாயார் வந்து, செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொட்டலத்தை என் முன் வைத்தார். பிரித்துப் பார்த்தால் முடி. பந்து போலச் சுருட்டிய முடி. "மூன்று நாளில் சீப்பில் வந்தது டீச்சர். இப்படியே போனால் முக்காட்டுக்குள் ஒன்றும் மிஞ்சாது. ஏதாவது ஓதி ஊதித் தாருங்கள்" என்றார்.

அவர் எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில், தரம் பிரித்துப் பொறுக்கும் வேலை செய்பவர். காலை முதல் மாலை வரை குனிந்து அமர்ந்து, காம்பு நீக்கி, வெடித்த காயையும் வெளுத்த காயையும் பிரித்தெடுக்கும் வேலை. உடன் வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தண்ணீர் மாறிவிட்டது என்றார். ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர் கரிசலாங்கண்ணித் தைலம் என்றார். கடைசியில் விளம்பரத்தைப் பார்த்து, அரை மாதக் கூலியைக் கொடுத்து ஒரு புட்டி எண்ணெயும் வாங்கிவிட்டார். புட்டி காலியாயிற்று, முடி நிற்கவில்லை.

துஆச் செய்தேன். அதன் பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கீழ் இமையை விலக்கிக் காட்டச் சொன்னேன். உள்ளே சிவப்பே இல்லை. என் வீட்டு மாடிப் படிகள் பன்னிரண்டை ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கிக் கொண்டிருந்தார். எண்ணெய்ப் புட்டியைப் பற்றிப் பேசிய அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த மூச்சிரைப்பைக் கவனிக்கவில்லை.

நான் கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்றவள்; மருத்துவம் படித்தவள் அல்லள். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்து கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை நிறுத்திக் கொள்கிறது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஓய்வில் இருந்து, பின்னர் உதிர்கிறது. அதே துளையிலிருந்து புது முடி முளைக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் உதிர்வது நோயன்று. தலை குளிக்கும் நாளில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே வரும்.

உடலுக்குள் பெரிய அதிர்ச்சி ஒன்று நேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. டைபாய்டு, டெங்கு, சிக்குன்குனியா போன்ற கடுங்காய்ச்சல்கள், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல், தாங்க முடியாத துக்கம் ஆகியவை வந்தால், உயிர் காக்கும் உறுப்புகளுக்கே உடல் முதலிடம் தருகிறது. முடி வளர்ப்பது அந்நேரத்தில் வீண் செலவு! வளர்ந்து கொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஆனால் அவை அன்றே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே உதிர்கின்றன. அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். ஆடியில் காய்ச்சல் வந்தவள் ஐப்பசியில் முடி உதிரும்போது காய்ச்சலை மறந்து, சென்ற வாரம் மாற்றிய சோப்பைத் திட்டுகிறாள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா கண்டு பிழைத்தவர்கள் பலர் மூன்றாம் மாதத்தில் தலையைத் தடவிப் பார்த்து அழுததும் இதனால்தான். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில், குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தக் காலக்கணக்கு சரியானதுதான். காரணம் மட்டும் குழந்தையின் சிரிப்பு அன்று. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த எண்ணெய் கையில் இருக்கிறதோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

தண்ணீர் மேல் பழி போடுவோருக்கு ஒரு சிறு சோதனை. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு கழன்றது. காரணத்தை உள்ளே தேட வேண்டும். குமிழ் இன்றிப் பாதியில் அறுந்திருந்தால், உப்புத் தண்ணீர், சாயம், இறுக்கிப் பின்னுதல், ஈரத்தோடு சிக்கெடுத்தல் முதலியவற்றை நினைக்கலாம். அந்தச் சகோதரியின் பொட்டலத்தில் இருந்தவை பெரும்பாலும் குமிழோடு இருந்தன.

தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜனவரியிலும், மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் ஷேகான் வட்டாரக் கிராமங்களில், ஆணும் பெண்ணும் சிறுவரும் சில நாட்களுக்குள் கொத்துக் கொத்தாக முடி இழந்து மொட்டையானார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள், ஷாம்புவைச் சந்தேகித்தார்கள், பூஞ்சை என்றார்கள். ஊருக்குள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் நிலை வந்தது. தேள்கடி மருத்துவத்தில் பெயர் பெற்றவரும், 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அங்கே சென்று, பாதிக்கப்பட்டோரின் இரத்தத்தையும் சிறுநீரையும் முடியையும் சோதிக்கச் செய்தார். செலினியம் என்னும் தனிமம் இயல்பைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது என்றும், ரேஷன் கடையில் கிடைத்த கோதுமை வழியாக அது உடலில் சேர்ந்தது என்றும் அவர் தெரிவித்தார். மிகச் சிறிதளவு உடலுக்குத் தேவையான அதே செலினியம், அளவு மிஞ்சினால் முடியைக் கழற்றிவிடும். முடிக்கு நல்லது என்று மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் ஏ மிஞ்சினாலும் இதே கதிதான். பயோட்டின் மாத்திரை இன்னொரு விதம்: அதை அதிகமாகச் சாப்பிடுவோரின் இரத்தச் சோதனை முடிவுகள் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. தைராய்டு சோதனையும் அவற்றுள் ஒன்று. நோயைக் கண்டுபிடிக்கும் கண்ணாடியிலேயே புகை ஊதியது போலாகிறது!

நம் பக்கத்தில் மிகுதியாக இருப்பது செலினியம் அன்று, இரும்புச்சத்துக் குறைவு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும்; கர்ப்பிணிக்கு 11. இந்த எண் சரியாக இருந்தாலும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். கடை திறந்திருக்கும், கிட்டங்கி காலியாக இருக்கும். முடி கிட்டங்கியின் நிலையைத்தான் முதலில் சொல்கிறது.

காரணங்களில் ஒன்று நம் மலையோடு சேர்ந்தது. விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வரும் பெண்கள் எத்தனை பேர்! நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு வாழும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, குடலில் கவ்விக்கொண்டு, நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தை உறிஞ்சும். இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரை இது வாட்டியதால்தான், 1916இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அங்கே கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. காலில் செருப்பு, கழிப்பறை, ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை என இதற்கான தடுப்பு எளியது. சோற்றோடு சோறாகத் தேநீர் குடிக்கும் மலைப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உணவிலுள்ள இரும்பைத் தேநீர் உடலில் சேரவிடாது. உண்பதற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

மற்றொரு காரணத்தைப் பேச நாம் வெட்கப்படுகிறோம். அந்தச் சகோதரியிடம் நான் அதைக் கேட்டபோது அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். மாதந்தோறும் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள், மூன்று ஆண்டுகளாக. கணவரிடம் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. "பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்றார்.

எனக்குச் சிறிது கோபம்கூட வந்தது. அவருடைய மகளுக்கு நான் அதே வகுப்பில் ஹைளு பாடம் நடத்துகிறேன். ஹனஃபி மத்ஹபில் அதிக அளவு பத்து நாட்கள், ஷாஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள், அதைக் கடந்தால் இஸ்திஹாளா. அது நோயினால் வருவது, தொழுகையை விடக்கூடாது என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் இதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அவர்கள் வெட்கப்படாமல் கேட்டதைச் சட்டமாக மட்டும் படித்துவிட்டு, நோய் என்ற சொல்லை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தொழுகைக்காக எண்ணும் அதே நாட்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தால், அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பத்து நாள் என்பது வணக்கத்துக்கான எல்லை; உடல்நலத்துக்கான அளவுகோல் அன்று. ஏழெட்டு நாட்களைத் தாண்டினாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ, மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்ந்தாலோ, பத்து நாளுக்காகக் காத்திராமல் பெண் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடி உதிர்வோடு உடல் பருத்தல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, புருவத்தின் வெளிப்பகுதி மெலிதல் இருந்தால் தைராய்டு. வகிடு அகன்று, மாதவிலக்குத் தள்ளிப் போய், மோவாயில் முடி முளைத்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு. மூட்டுவலியும் முகத்தில் சிவந்த தடிப்பும் சேர்ந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் போக வேண்டும். காசு அளவில் வட்டமாக முடி விழும் புழுவெட்டில் புழுவே கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே பகையாக நினைத்துத் தாக்குவது அது. ஆண்களுக்கு நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரை. அதற்கு இந்தச் சோதனைகள் எல்லாம் தேவைப்படுவதில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்தம் ஊற நாளுக்கு நான்கு பேரீச்சம்பழம் போதும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பேரீச்சை பரக்கத்தான உணவுதான். ஆனால் அதிலுள்ள இரும்பு அதிகமன்று. ஆட்டு ஈரலும் இறைச்சியும் அதைவிட மிகுதியாகத் தரும் (கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கட்டும், அதில் வைட்டமின் ஏ மிகுதி). கீரை, பயறு, கேழ்வரகு உண்போர் உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக் கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஆயினும் இரத்தம் வெகுவாகக் குறைந்த பிறகு உணவு மட்டும் போதாது; மாத்திரை வேண்டும். ஹீமோகுளோபின் ஏறிய பின்னும், கிட்டங்கி நிரம்ப, மேலும் மூன்று மாதங்கள் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடாதீர்கள்.

அந்தச் சகோதரியை நானே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஹீமோகுளோபின் 7.2. கருப்பையில் நார்க்கட்டி. மருந்திலேயே இரத்தப்போக்கு அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். முதல் இரண்டு மாதங்கள் முடி உதிர்ந்து கொண்டேதான் இருந்தது. மாத்திரையை விட்டுவிடுவேன் என்று இருமுறை சண்டை போட்டார். ஐந்தாம் மாதம் நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு நின்றன. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய பின்னலுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

மகளுக்கும் சோதித்துவிடலாம் என்றார் மருத்துவர். பதினைந்து வயது. 9.8 இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருவார்களே, சாப்பிடவில்லையா என்று கேட்டோம். தலை குனிந்து கொண்டாள். வீட்டுக்கு வந்து அவள் புத்தகப் பையைக் கவிழ்த்தபோது, அடியில் பதினொரு நீல மாத்திரைகள் கிடந்தன.