மூச்சின் அளவு
மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 எனத் திருமூலர் திருமந்திரத்திலே அளவு வகுத்துள்ளார். இதனைப் படித்த இல்லறத்தார் சிலர் முதல் நாளிலேயே 64 மாத்திரை மூச்சை அடக்க முற்படுதலை நாம் அறிவோம். இது தகாது. கும்பகம் குருமுகமாகவே பயிலற்பாலது. இருதய நோயாளரும், இரத்த அழுத்தம் மிக்கோரும், கருவுற்ற தாய்மாரும் மூச்சை அடக்குதலை அறவே விலக்கல் வேண்டும்.

அங்ஙனமாயின் நமக்குரிய வழி யாது? வைகறையில், வெறுவயிற்றுடன், முதுகு நிமிர்ந்திருந்து, 4 விநாடி நாசியால் இழுத்து, 6 விநாடி மெல்ல விடுவோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முறை ஓடும் மூச்சு 6 ஆகக் குறையும். வெளிமூச்சு நீளுங்கால் இருதயத் துடிப்புத் தணியும்; அது தணிய மனமும் அடங்கும். நாளொன்றுக்கு 5 நிமிடம் போதும். மூச்சை வருத்துதல் யோகமன்று. அதனை இசைவித்தலே யோகம்.