கடப்பாரை யார் கையில்?

கணினியைக் கொண்டு திருடினாலும் கடப்பாரையைக் கொண்டு திருடினாலும் திருட்டு திருட்டுதான் என்றார், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கான அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர் கார்மன் ஒர்டிஸ். 2011 ஜூலையில் அவர் அப்படிக் குறிப்பிட்டது 24 வயது நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸை. களவுபோனதாகச் சொல்லப்பட்டவை ஜேஸ்டோர் என்ற மின்தொகுப்பில் இருந்த லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள். அவற்றில் ஒன்றுகூட அங்கிருந்து மறையவில்லை, எடுத்தது நகல்தான். கடப்பாரையால் திருடுகிறவன், திருடிய பொருளை வீட்டிலேயே விட்டுவைப்பதில்லை. அந்த ஒப்பீட்டை அன்றே திரும்பப் பெற்றிருக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. தன் வளாகத்தைத் திறந்த வளாகம் என்று பெருமையோடு சொல்லிக்கொண்ட நிறுவனம். அப்போது உள்ளே நடந்து வருகிற எவரும் மடிக்கணினியைத் திறந்து, விருந்தினராகப் பதிந்து, ஆண்டுக்கு 14 நாள் வரை அதன் இணைய இணைப்பைப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. ஸ்வார்ட்ஸும் 2010 செப்டம்பரில் அப்படித்தான் நுழைந்து, அந்தக் கட்டுரைகளை இறக்கத் தொடங்கினார். அதன்பின் அவர் செய்ததெல்லாம் சரி என்று நாம் வாதிடவில்லை. அவருடைய கணினியைத் தடுத்தபோது அதன் அடையாள எண்ணை மாற்றினார். அடித்தளத்தில் கேபிள்கள் செல்லும் சிறு அறையில் மடிக்கணினியை மறைத்து வைத்தார். இந்தப் பதிவிறக்கத்தால் ஜேஸ்டோர் ஒருகட்டத்தில் எம்.ஐ.டி. முழுவதற்குமே சில நாள் இணைப்பைத் துண்டித்தது. எந்தத் தவறும் செய்யாத ஆய்வாளர்கள் அவதிப்பட்டார்கள். இதற்காக அவரைக் கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், வளாகத்துக்குள் வரக் கூடாதென்று தடுக்கலாம். பாதிக்கப்பட்ட ஜேஸ்டோரே கோப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வழக்கைத் தொடர விருப்பமில்லை என்று ஒதுங்கிவிட்டது.

அரசு ஒதுங்கவில்லை. 35 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் அபராதம் என்று முதல் குற்றப்பத்திரிகையின் போதே அறிவித்தது. நான்காக இருந்த குற்றச்சாட்டுகள் 2012 செப்டம்பரில் பதின்மூன்றாகின. 2013 ஜனவரி 11 அன்று, 26 வயதில், ஸ்வார்ட்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஒர்டிஸ் சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் ஆறு மாதச் சிறையைத்தான் பரிந்துரைத்திருப்போம் என்று. ஆறு மாதம் போதும் என்று அரசே கருதிய செயலுக்கு 35 ஆண்டைக் காட்டியது ஏன்? விசாரணைக்குப் போகாமலே ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான். இது நீதி அல்ல, மிரட்டல். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஸ்வார்ட்ஸ் மீது பாய்ந்த கணினி மோசடிச் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2002இல் கலிஃபோர்னியா உறுப்பினர் ஹவர்ட் பெர்மன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். கோப்புப் பகிர்வு வலையமைப்புகளில் தங்கள் பாடலோ படமோ திருட்டுத்தனமாகச் சுற்றுவதாகச் சந்தேகித்தால், பதிப்புரிமையாளர்களே அந்தப் பகிர்வை முடக்கலாம் என்றது அது. கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். தவறாகத் தாக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்க வேண்டுமானால் 250 டாலருக்கு மேல் இழப்பைக் காட்டி, அட்டர்னி ஜெனரலின் அனுமதியையும் பெற வேண்டும். மறு ஆண்டு, செனட்டின் நீதித் துறைக் குழுத் தலைவர் ஓரின் ஹாட்ச் ஒருபடி மேலே போய், திரும்பத் திரும்பப் பதிவிறக்குகிறவர்களின் கணினியையே அழித்துவிடும் தொழில்நுட்பத்தை ஆதரித்துப் பேசினார். பெர்மனின் மசோதா நிறைவேறவில்லை. ஆனால் எண்ணம் பதிவாகியிருக்கிறது. வளாக இணைப்பில் கட்டுரை இறக்கும் இளைஞனுக்குச் சிறை. அடுத்தவர் கணினிக்குள் கைவைக்கும் இசை நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. அன்று கடப்பாரையைக் கேட்டு நின்றது எந்தப் பக்கம் என்பதை ஒர்டிஸ் யோசித்திருக்க வேண்டும்.

எம்.ஐ.டி.யின் பங்கும் சிறிதல்ல. 1994இல் அதன் மாணவர்கள் போலீஸ் காரைப் போல அமைத்த ஒரு கார்க் கூட்டை இரவோடிரவாகப் பெரிய குவிமாடத்தின் உச்சியில் ஏற்றி வைத்தார்கள். நிறுவனம் அதை இன்றும் தன் மரபாகக் கொண்டாடுகிறது. அத்தகைய நிறுவனம், தன் வலையமைப்பில் நடந்த ஒன்றுக்காக ஓர் இளைஞன் சிறைவாசலில் நின்றபோது, நடுநிலை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. வழக்கைக் கைவிடுங்கள் என்று அரசிடம் ஒரு வார்த்தை சொல்ல அதற்கு இரண்டாண்டு அவகாசம் இருந்தது. வலியவரும் எளியவரும் மோதும் இடத்தில் நடுநிலை வகிப்பவர் வலியவருக்கே உதவுகிறார்.

அமெரிக்காவின் கணினி மோசடிச் சட்டம் 1986ஆம் ஆண்டினது. வைஃபையும் வலைத்தளங்களும் இல்லாத காலம். 'அனுமதியின்றி' நுழைவதைக் குற்றமாக்கும் அந்தச் சட்டம், அனுமதி என்றால் என்னவென்று இன்றுவரை வரையறுக்கவில்லை. 2021இல் வான் பியூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நுழைய உரிமை உள்ள தகவலைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவது மட்டும் இந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று 6–3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆனால் நுழையும் உரிமையின் எல்லையை வகுப்பது கணினியின் பூட்டா, நிறுவனம் அச்சடித்த விதிமுறைத் தாளா என்ற கேள்விக்கு விடை தரவில்லை. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆய்வு செய்வோர்மீது வழக்கில்லை என்று 2022இல் அமெரிக்க நீதித் துறை அறிவித்தது வெறும் கொள்கை. அடுத்து வருகிறவர் ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம்.

ஆகவே சட்டத்தையே திருத்த வேண்டும். விதிமுறை மீறல் ஒன்றே கிரிமினல் குற்றமாகாது என்று எழுத வேண்டும். ஒரே செயலைப் பல குற்றங்களாகப் பிரித்து ஆண்டுகளைக் கூட்டும் வழியை அடைக்க வேண்டும். விருந்தினருக்கு இணைப்புத் தரும் பல்கலைக்கழகங்கள், எது விதிமீறல், அதற்குத் தாங்களே என்ன செய்வோம், எப்போது போலீசை அழைப்போம் என்பதைப் பதிவுப் பக்கத்திலேயே எளிய மொழியில் சொல்ல வேண்டும்.

ஆரன் பெயரால் 2013இல் ஸோயி லாஃப்கிரனும் ரான் வைடனும் கொண்டுவந்த திருத்த மசோதா 2015இல் மீண்டும் வந்தது. இரண்டு முறையும் அது சட்டமாகவில்லை. அதை மறுபடி அறிமுகப்படுத்தி வாக்கெடுப்புக்கு விடுங்கள். எதிர்ப்பவர்கள் தங்கள் பெயர் பதிவாகும்படி எதிர்த்து வாக்களிக்கட்டும்.