'பையன் லேட்டாதான் பேசுவான்' என்று காத்திருக்கலாமா? ஆட்டிசம் பரிசோதனைக்கு எப்போது, எங்கே போவது?

"அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார், விடுங்க." இரண்டு வயதுக் குழந்தை பேசவில்லை என்றதும் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் வேறு காரணம் இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

எதைக் கவனிக்கணும்?

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பேசிய சொற்களே மறைவது. இதில் ஒன்று இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். உடனே ஆட்டிசம் என்று பயப்பட வேண்டாம். காது கேட்பதில் பிரச்சினை இருக்கலாம். அதனால் செவித்திறன் பரிசோதனையும் அவசியம்.

எங்கே போவது?

மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் சொன்னால் அங்கே அனுப்புவார்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனமும் இருக்கிறது.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையின் நடத்தையைப் பார்த்தும் பெற்றோரிடம் கேட்டும்தான் முடிவு செய்வார்கள். வீட்டில் எடுத்த மொபைல் வீடியோக்களைக் கையோடு கொண்டுபோங்கள்.

முடிவு வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் அங்கீகரிக்கிறது. சான்றிதழ் பிறகு வரட்டும். 'சான்றிதழ் எங்கே' என்று கேட்டு எந்த மையமும் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.