விபத்தில் அடிபட்ட வணிகருக்குச் சட்டம் என்ன தருகிறது?



இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நாம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளோடு ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொண்டு பிழைக்கிறோம். விடியற்காலைக் கொள்முதலுக்கு ஷேர் ஆட்டோ, சரக்கோடு திரும்ப லோடு ஆட்டோ, அவசரத்துக்குச் செல்போனில் கூப்பிடும் ஆட்டோவோ பைக் டாக்சியோ! 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஆனாலும் மூட்டை முடிச்சோடு போகிறவருக்கு ரோடுதான் கதி.

இப்படிப் போகும்போது அடிபட்டால் என்ன செய்வது? நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். டிரைவர் கெஞ்சுகிறார், நாலு பேர் கூடிப் பஞ்சாயத்து பேசுகிறார்கள், மருந்துச் செலவுக்கு ஐந்தோ பத்தோ ஆயிரம் கைமாறுகிறது. ஆஸ்பத்திரியில் "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்துக் கால் மடங்கவில்லை, மூட்டை தூக்க முடியவில்லை என்று தெரியும்போது கையில் ஒரு காகிதமும் இருப்பதில்லை. சட்டம் நமக்கு வைத்திருக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம் என்பதே நமது வருத்தம்.

முதல் காரியம் சிகிச்சை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக வந்தது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி இருக்கிறது. ஆகவே, செலவுக்குப் பயந்து ஸ்பாட்டிலேயே சமரசம் பேச வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்பதை உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். இந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

இரண்டாவது, போலீஸ். ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. அது புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே. எப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்க வேண்டும். விபத்து பற்றிய விவர அறிக்கையை மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்புவது போலீசின் கடமை. இடித்த வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாமல் போனாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அத்தகைய விபத்தில் மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள். இதற்குத் தாசில்தார் அல்லது கோட்ட அளவிலான விசாரணை அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும்.

அடுத்தது நஷ்டஈடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு பாதைகள். ஒன்று 164-வது பிரிவு. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சம். மற்றது 166-வது பிரிவு. டிரைவரின் தவறை நிரூபித்து முழு நஷ்டத்தையும் கேட்பது. இதற்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் முதல் பாதையில் பணத்தை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் இரண்டாவது பாதை அடைபட்டுவிடும். இன்ஷூரன்ஸ் அதிகாரி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இதை யோசிக்க வேண்டும்.

166-வது பிரிவின்படி மனுவை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலோ, நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயத்திலோ போடலாம். வெளியூரில் அடிபட்டாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம் இந்த வழக்குகளை விசாரிக்கிறது. முக்கியமானது கெடு. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளிவிட வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலந்தாழ்த்துவது விவேகமாகாது.

எந்த வண்டியில் போனோம் என்பதைப் பொறுத்தும் நிலைமை மாறும். சாதாரண ஆட்டோவின் பெர்மிட் மூன்று பயணிகளுக்கு. அதில் ஐந்து பேர் போய் அடிபட்டால், பெர்மிட்டில் உள்ள எண்ணிக்கை அளவுக்குத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மீதியை ஆட்டோ உரிமையாளரிடம்தான் வாங்க வேண்டும். அவரிடம் என்ன இருக்கும்? பெர்மிட்டே இல்லாத வண்டியானால், கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்ற முறையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. செல்போன் ஆப்பில் புக் செய்த வண்டி என்றால் டிரிப் விவரத்தையும் பில்லையும் உடனே படம் எடுத்து வைக்க வேண்டும். பயணிக்குக் குறைந்தது ரூ.5 லட்சம் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டி விதிகள் சொல்கின்றன. கம்பெனி கைவிரித்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். வெள்ளை போர்டு பைக்கில் வாடகைக்குப் போவது மட்டும் ஆபத்து. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வாடகைக்கு ஓட்டியது செல்லாது என்று கம்பெனி வாதாடும்.

நமது தொழிலுக்கு மிக முக்கியமானது லோடு ஆட்டோ. 1994-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வண்டியில் தன் சரக்கோடு போகும் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சும்மா தொற்றிக்கொண்டு போகிறவருக்குக் கிடையாது. அந்தச் சரக்கு நம்முடையது என்பதற்குச் சாட்சி என்ன? பில்தான்! சரக்குக்கு மேல் உட்கார்ந்து போனால் அந்த உரிமையும் போகும். கேபினில்தான் இருக்க வேண்டும் என்பதும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே. துண்டுச் சீட்டில் அரிசி மூட்டை எடுத்து வருகிறவர் வரியை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார். அடிபட்ட நாளில் அவர் இலவசப் பயணியாகிவிடுகிறார். கடைப் பையன் கொள்முதலுக்குப் போய் அடிபட்டாலும் இதே கதைதான். அவனை வேலைக்கு வைத்திருப்பதற்கும், சரக்கு எடுக்க அனுப்பியதற்கும் ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா?

வருமானக் கணக்கும் அப்படியே. 42 வயதுக் கடைக்காரர் ஒருவருக்கு விபத்தால் சம்பாதிக்கும் சக்தி 30 சதவீதம் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 2009, 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்படி அந்த வயதுக்குப் பெருக்கெண் 14. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு எதிர்கால உயர்வு 25 சதவீதம். மாத வருமானம் ரூ.20,000 என்று கணக்குக் காட்டினால் உயர்வோடு ரூ.25,000. வருடத்துக்கு ரூ.3 லட்சம்; 14 ஆல் பெருக்கினால் ரூ.42 லட்சம், அதில் 30 சதவீதம் ரூ.12,60,000. கணக்கே இல்லாமல், தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் ரூ.12,000 என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது ரூ.7,56,000. வித்தியாசம் ஐந்து லட்சத்துக்கு மேல்! வருடந்தோறும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டாக்டர் போடும் ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல. முழங்கால் போனால் மேசை வேலை பார்ப்பவருக்குச் சிறு குறை. நாள் முழுதும் நின்று எடை போடும் நமக்கு அது பிழைப்பையே பாதிக்கும். தீர்ப்பாயத்தில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கிச் சதவீதம் பேசும் புரோக்கர்களிடம் சிக்க வேண்டாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. லோக் அதாலத்தில் விரைவாக முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் இல்லை என்பதையும் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசுக்கும் நமது வேண்டுகோள் உண்டு. ஆறு மாதக் கெடுவை எடுத்துவிட வேண்டும். கட்டுப் பிரிக்கவே ஆறு மாதம் ஆகும் ஒருவர் எப்படிக் கோர்ட்டுக்கு நடப்பார்? அடுத்தது ஷேர் ஆட்டோ. வடசென்னை மக்கள் அதை நம்பித்தான் வேலைக்குப் போகிறார்கள். அதை ஓடவும் விட்டு, முறையான பெர்மிட்டும் தராமல் இருந்தால் அடிபடும் பயணிதான் நடுத்தெருவில் நிற்பார். உரிய பெர்மிட்டும் பயணிகள் எண்ணிக்கைக்கேற்ற இன்ஷூரன்சும் கட்டாயமாக வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் விபத்து வழக்கு தெரிந்த ஒரு வக்கீலின் பெயரைப் பலகையில் எழுதி வைக்கலாம். வருடம் ரூ.20 கட்டினால் விபத்து மரணத்துக்கு ரூ.2 லட்சம் தரும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் உறுப்பினர்களையும் கடை ஊழியர்களையும் சேர்த்துவிடலாம். வணிகர் நல வாரியத்தில் பதியாதவர்களைப் பதிய வைக்கலாம்.

சரக்கைச் சரிபார்க்காமல் கடைக்குள் ஏற்றாதவர் வணிகர். பில், ரிட்டர்ன், எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி ஆகிய நான்கையும் அதே கவனத்தோடு சேர்த்து வைத்தால், அடிபட்ட நாளில் நமது குடும்பம் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்காது.