அலை கொண்டுபோகும் முன் எடுத்துவிடுங்கள்

கடற்கரையில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். காலடியில் கிடக்கும் சாம்பல் நிறக் கல் ஒன்றைப் புரட்டுகிறீர்கள். கேரம் காய் போல வட்டமாக, இருபக்கமும் குழிந்த ஓர் எலும்பு. 190 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் பழமையான இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வனத்தின் முதுகெலும்புத் துண்டு அது. எடுத்துக்கொள்வீர்களா, விட்டுவிட்டு வருவீர்களா?

நம்மில் பலர் விட்டுவிடுவோம். பவளத்தை ஒடிக்காதே, சிப்பியை அள்ளாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இயற்கையை மதிப்பது என்றால் தொடாமல் இருப்பது என்பதே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ், சார்மத் கடற்கரைகளில் அந்தப் பாடம் பொருந்தாது. அங்கே எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

காரணம் எளிது. அந்தக் கரையோரப் பாறைமுகடுகள் சுண்ணாம்புக்கல்லும் களிமண் பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்டவை. ஜுராசிக் காலத்தில் அவை கடலின் அடித்தரையாக இருந்தன. ஒவ்வொரு குளிர்காலப் புயலும் அந்த முகட்டைச் சரிக்கிறது. சரிந்த சேற்றை அலை கழுவுகிறது. உள்ளே இருந்த எலும்பு வெளியே தெரிகிறது. எலும்பைக் காட்டிக்கொடுக்கும் அதே அலைதான் அதைக் கூழாங்கற்களோடு உருட்டித் தேய்த்து அழிக்கவும் செய்கிறது. தொடாமல் விட்டால் அது அங்கேயே பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில நாட்களில் இல்லாமல் போய்விடும்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் முதலில் புகழ்பெற்றவர் மேரி ஆனிங். 1811ல் அவருடைய அண்ணன் ஜோசஃப் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு, சிறுமியான மேரி அதே விலங்கின் உடற்பகுதியைக் கண்டுபிடித்தார். அறிவியலாளர்களின் கவனத்தை முதன்முதலில் ஈர்த்த இக்தியோசார் எலும்புக்கூடு அதுதான். தந்தையை இழந்த அந்தக் குடும்பம் அதை 23 பவுண்டுக்கு விற்றது. 1823ல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் மேரி தோண்டி எடுத்தார். பசிக்காகப் பொறுக்கி விற்ற ஒருவர் இல்லாவிட்டால், இவ்வகை உயிரினங்கள் உலகுக்குத் தெரியவர இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆக, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அள்ளிப்போகலாமா? கூடாது. எலும்பு அரைப்பங்கு செய்தியை மட்டுமே சொல்லும். மீதியைச் சொல்வது அது கிடைத்த இடம். எந்த அடுக்கு, பக்கத்தில் எந்த வகை அம்மோனைட் ஓடு கிடந்தது, எலும்புகள் எந்த வரிசையில் இருந்தன என்பவற்றை வைத்தே அதன் வயதையும் அது இறந்து புதைந்த விதத்தையும் கணிக்கிறார்கள். அந்த விவரம் இல்லாமல் வீட்டு அலமாரியில் ஏறும் எலும்பு வெறும் அழகுப்பொருள். சேகரித்தவர் காலமான பிறகு, பிள்ளைகளுக்கு அது பழைய கல்.

பணம் குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பழைய சான்று உண்டு. தாமஸ் ஹாக்கின்ஸ் என்பவரின் எலும்புக்கூட்டுச் சேகரிப்பை 1834ல் பிரிட்டிஷ் அரும்பொருளகம் விலைக்கு வாங்கியது. முழுமையாகத் தெரிந்த ஓர் இக்தியோசாரின் சில பாகங்கள் பிளாஸ்டரால் செய்யப்பட்டவை என்பது பிறகு தெரியவந்தது. எது எலும்பு, எது இட்டுக்கட்டியது என்ற பதிவு இல்லாததால் வந்த வினை.

பதிவு இல்லாவிட்டால் மனிதர்களும் காணாமல் போவார்கள். 1824ல் லண்டன் புவியியல் சங்கத்தில் வில்லியம் கொனிபேர் அந்த பிளீசியோசாரைப் பற்றி உரையாற்றினார். அதைக் கண்டெடுத்த மேரி ஆனிங்கின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

எடுக்கவும் வேண்டும், தொலைந்துபோகவும் கூடாது. இந்தச் சிக்கலுக்கு மேற்கு டோர்செட் வட்டாரம் நியாயமான வழி ஒன்றைக் கண்டிருக்கிறது. அங்குள்ள நடத்தை விதிகளின்படி, கரையில் உதிர்ந்து கிடப்பதை எவரும் எடுக்கலாம். அனுமதியின்றிப் பாறைமுகட்டைத் தோண்டக்கூடாது. அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் சார்மத் கடலோர மரபுடைமை நிலையத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தம். விற்க நினைத்தால் அரும்பொருளகங்களுக்கே முதல் வாய்ப்பு.

சேகரிப்பவரைத் திருடனாகப் பார்க்காமல் பங்காளியாக நடத்தும் ஏற்பாடு இது. அவர்களை நம்பலாமா என்று கேட்பீர்கள். அதே டோர்செட்டில், ஆஸ்மிங்டன் மில்ஸ் அருகே 2003ல் தொடங்கிப் பல ஆண்டுகள், சரிந்து விழும் துண்டுகளை விடாமல் பொறுக்கிச் சேர்த்தார் கெவன் ஷீஹன். சேர்ந்தது சுமார் 2 மீட்டர் நீளமுள்ள பிளையோசார் மண்டையோடு. அது இன்று டோர்செட் அரும்பொருளகத்தில் உள்ளது. 2013ல் அந்த இனத்துக்கு ‘பிளையோசாரஸ் கெவனி’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். பிளம்பராக வேலைசெய்த ஸ்டீவ் எட்சஸ் பல பத்தாண்டுகளாகச் சேகரித்தவற்றுக்காகவே கிம்மரிஜ் கிராமத்தில் 2016ல் ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. 2022ல் அந்தக் கரையில் ஒரு பிளையோசாரின் மூக்குமுனை கிடைத்தபோது, எட்சஸும் அவருடைய குழுவினரும் கயிற்றில் தொங்கியபடி மண்டையோட்டின் மீதிப் பகுதியை முகட்டிலிருந்து மீட்டார்கள்.

விற்பனை என்ற சொல் சிலருக்கு உறுத்தலாம். நம் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று டைனோசர்களும் அமெரிக்காவிலிருந்து விலைகொடுத்து வாங்கப்பட்டவைதாமே. விலை இருப்பது தவறன்று. விவரம் இல்லாமல் கைமாறுவதுதான் தவறு.

இந்த விதிகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. முதல் வாய்ப்பு கொடுத்தால் போதுமா? வாங்கக் கையில் காசு வேண்டுமே. சிற்றூர் அரும்பொருளகம் தயங்கும் நேரத்தில் தனியார் ஒருவர் வாங்கிவிட்டால், ஆய்வாளர்களுக்கு அந்த எலும்பு எட்டாமல் போகலாம். அதனால், சேகரிப்பவர்களுக்குப் புதிய தடை போடுவதைவிட, அரும்பொருளகங்களுக்குக் கொள்முதல் நிதி ஒதுக்குவதே முதல் தேவை. முகடு சரிவதை எந்தத் தடையும் நிறுத்தாது.

எல்லா ஊருக்கும் இந்த வாதம் பொருந்தாது. வறண்ட நிலத்தில் பாறைக்குள் பத்திரமாக இருக்கும் எலும்புக்கு அவசரம் இல்லை; நிபுணர் வரும்வரை அது காத்திருக்கும். அலை மட்டும்தான் காத்திருப்பதில்லை.

படிப்புக்கோ விடுமுறைக்கோ இங்கிலாந்து போகிறீர்களா? சார்மத்துக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். நீரேற்ற நேரத்தைக் கேட்டுக்கொண்டு, நீர் வடியும்போது இறங்குங்கள். முகட்டை ஒட்டி நிற்காதீர்கள். எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. எலும்பு கண்ணில் பட்டால், எடுக்கும் முன் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர நிலையத்தில் காட்டுங்கள். முகட்டில் பதிந்திருந்தால் கைவைக்காமல் தகவல் மட்டும் கொடுங்கள்.

பிறகு அது உங்கள் வீட்டு மேசையில் இருக்கட்டும். கூடவே, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டு இல்லாமல் அந்த எலும்பு வெறும் கல்தான்.